மதினி வாங்கிவந்த விளையாட்டு

போன மே மாதம் என் கணவரின் பிறந்தநாளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருந்தேன். நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். விடுமுறை விட்ட மறுநாளே கடைக்குப் போய், கறுப்பு வாரா பழுப்பு வாரா என்று ரொம்ப நேரம் யோசித்து, பழுப்பு வாரை எடுத்தேன். மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் கொடுத்தேன். கையில் கட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். நிஜமாகவே பிடித்திருந்தது. அவருக்குப் பிடித்தால் அவ்வளவுதான் சொல்வார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அது எனக்குப் பழகியிருந்தது.

பத்து மணிக்கு மதினி வந்தார். மதினி என்றால் என் கணவரின் அக்கா. பெங்களூரில் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, பையைத் திறந்து பேப்பர் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தம்பி மடியில் போட்டார்.

"பிரிலே. பிரிச்சுப் பாரு."

அவர் பிரித்தார். உள்ளே உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி. நடுவில் சின்னத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். முதுகில் ஒரு கேசட் செருகியிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த படம் பாதி கிழிந்து, வாள் பிடித்த ஒரு பையனின் தலைமுடி மட்டும் தெரிந்தது.

என் கணவர் கத்தினார். சந்தோஷத்தில்தான். ஆனால் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கல்யாணத்தில் கேட்கவில்லை, வீடு கட்டிக் குடிவந்தபோது கேட்கவில்லை. "ஏக்கா! எங்கக்கா கெடச்சுச்சு? அதேதானா? அந்தக் கேசட்டேதானா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மதினியும் பக்கத்தில் உட்கார்ந்தார். பென்சில் பேட்டரி போட்டார்கள். கடிகாரம் பொத்தானை அமுக்கும்போது இடித்தது போலிருக்கிறது, கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது என் மாமனார் மஸ்கட்டில் வேலை பார்த்தார். மாமியார் டீச்சர். பள்ளிக்கூடம் முடிந்து அவர் வீடு திரும்பும்வரை அக்காவும் தம்பியும் மட்டும் வீட்டில் இருப்பார்கள். அந்த நேரத்தில் டிவியில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தமிழில் பேசிக்கொண்டு வரும். காற்றை அடைத்து வைத்த ஒரு குடத்தைத் தேடி, வாள் வைத்திருக்கும் ஒரு பையனும் பறவைகளோடு பேசும் ஒரு பெண்ணும் ஒரு குண்டுச் சாமியாரும் ஊர் ஊராகப் போகிற கதை. இவர்கள் அதில் பைத்தியமாக இருந்ததைப் பார்த்து, மாமனார் ஒரு லீவுக்கு வரும்போது அந்தக் கதையை வைத்து வந்த கேமை வாங்கி வந்திருக்கிறார். பிறகு என் கணவர் பத்தாம் வகுப்பு போனபோது மாமியார் அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். இப்போது மாமனாரும் மாமியாரும் கீரனூர்ப் பக்கம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

மாம்பழம் நறுக்கி எடுத்துக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். ஆட்டத்தை ரசிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களோ அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாரு, மூணு எட்டு வச்சா ஒரு வௌவால். மாறவே இல்லக்கா."

"வௌவால விடு. இந்தப் பிள்ளையப் பாரு. கார்ட்டூன்ல கழுகை எல்லாம் கூப்பிட்டுச் சண்டை போடுவா. இங்க மூட்டை தூக்க விட்டிருக்கானுக. எனக்கு அப்பவே வயிறு எரியும்."

உண்மையிலேயே அது மட்டமான ஆட்டம்தான். எந்த ஊருக்குப் போனாலும் எல்லாக் கடைக்காரருக்கும் ஒரே முகம், சட்டைதான் வேறு. சில சுவர்களுக்குள் நடந்து போகலாம், சில கதவுகளுக்குள் போக முடியாது. கார்ட்டூனில் ஒரு வாரம் ஓடிய சண்டையை இரண்டு வரி எழுத்தில் முடித்துவிட்டார்கள். அந்த இங்கிலீஷும் யாரோ அகராதியைப் பார்த்து எழுதினது மாதிரி இருந்தது.

"இம்புட்டுக் கேவலமா இருந்தா எதுக்கு விளையாடுறீங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அது சொன்னா புரியாது" என்றார் என் கணவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

செத்த நேரத்தில் வாள் பையன் ஒரு டீக்கடைக்குள் போனான். தாடி வைத்த கிழவர் ஒருவர் கோப்பையை நீட்டினார். திரையில் ஏதோ எழுத்து வந்தது. அதை நான் படிப்பதற்குள் அக்காவும் தம்பியும் ஒரே குரலில், ஜெபம் சொல்கிற மாதிரி, சொன்னார்கள்: "உயிர் ஏறிருச்சு. மெதுவாப் போ."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில், ஒரு காலையில் மாடியில் நின்றுகொண்டிருந்தவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிரே மலைக்கோட்டைப் பாறை மேல் வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "உயிர் ஏறிருச்சு" என்றார். நான் கீழே இறங்கத் திரும்பியபோது, "மெதுவாப் போ" என்றார். அதிகம் பேசாத மனிதர். நான் படிக்கட்டில் பாதியில் நின்று அழுதேன். அன்றைக்கே என் தங்கச்சிக்குப் போன் பண்ணி, "உங்க மச்சான் என்ன சொன்னாரு தெரியுமா?" என்று பெருமையடித்தேன். அதற்குப் பிறகு காபி கொடுக்கும்போதெல்லாம் அவர் அதைச் சொல்வார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசுகிற பாஷை என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் மற்றதும் வெளியே வந்துவிட்டது. நான் சேலைக் கடையில் நின்றால், "பை நெறஞ்சிருச்சு, ஆசையக் கொறை" என்பாரே, அது ஆட்டத்தில் மூட்டை நிரம்பினால் வருவது. பூட்டு மக்கர் பண்ணினால், "கதவு உன்ன நம்பல" என்பாரே, அதுவும் அதில் வருவது. நான் சிரித்த, நான் கோபித்துக்கொண்ட, நான் பதிலுக்குச் சொல்லப் பழகிய எல்லாமே நான் வருவதற்குப் பல வருஷம் முன்பே அக்காவோடு பேசி முடித்தவை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தபோது கரண்டியைக் கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

என்னவென்று சொல்வது? வேறொரு பெண்ணாக இருந்தால் சண்டை போடலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். இது கூடப்பிறந்த அக்கா. அதுவும் நல்ல மதினி. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே என்னைத் தங்கமாக நடத்தியவர். நிலக்கோட்டையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் என் அப்பாவிடம் போய், "என் புருஷனும் அவுங்க அக்காவும் ஒரு பொம்மை ஆட்டத்தப் பாத்துச் சிரிக்கிறாங்க" என்று சொன்னால், என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். பொறாமைப்படுவதற்குக்கூட ஒரு நியாயம் வேண்டியிருக்கிறது. எனக்கு அது இல்லை. ஆனாலும் நெஞ்சுக்குழியில் புளிச்ச ஏப்பம் மாதிரி அது நின்றுகொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்து மதினி வத்தலக்குண்டில் இருக்கும் தன் மாமியார் வீட்டுக்கு ஒரு வாரம் போனார். பெட்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனார். என் கணவர் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். கோடையில் அவருக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைச்சல். மத்தியானம் வீட்டில் நானும் மின்விசிறியும்தான். முதல் நாள் அந்தப் பெட்டியைத் தூசி தட்டினேன். இரண்டாம் நாள் ஆன் பண்ணினேன்.

ஆட்டத்தைச் சேமிக்க அதில் மூன்று இடம் இருந்தது. முதலாவதில் அதை விற்ற யாரோ ஆடியது. இரண்டாவதில் அக்காவும் தம்பியும். மூன்றாவது காலி. அதில் ஆரம்பித்தேன்.

எனக்கு ஆடத் தெரியாது. எங்கள் வீட்டில் இந்த மாதிரி எதுவும் இருந்ததில்லை. அந்தக் கார்ட்டூனையும் நான் பார்த்ததில்லை. அது ஓடுகிற நேரத்தில் எங்கள் வீட்டு டிவியில் அம்மாவின் சீரியல் ஓடும். முதல் வௌவாலிடமே செத்தேன். திரும்ப வந்தேன், திரும்பச் செத்தேன். நான் தேடிப் போனது குடத்தை இல்லை. அந்த டீக்கடைக் கிழவரை. அவரைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவர் சொல்வதை என் பங்குக்கு நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வெறி.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். கிழவர் கோப்பையை நீட்டினார். எழுத்து வந்தது. நிதானமாகப் படித்தேன். "லைஃப் இஸ் அப். கோ ஸ்லோ."

அவ்வளவுதான். மருந்துச் சீட்டில் இருப்பது மாதிரி. இதில் எங்கே இருக்கிறது நான் படிக்கட்டில் நின்று அழுதது? அந்த வார்த்தையை ஆட்டம் கொடுக்கவில்லை. அப்பா வெளிநாட்டில், அம்மா வேலையில் என்று இருந்த வீட்டில், இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து ஒரு சப்பை வரியைத் தமிழாக்கிக் கொண்டார்கள். இது வெறும் ஆட்டத்து வரிதான் என்றாவது ஆறிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதுவும் போயிற்று. பெட்டியை அணைத்து வைத்தேன்.

மறுநாள் திரும்பவும் எடுத்தேன். ஏனென்றால் ஒரு பேச்சு நினைவில் இருந்தது. பனிமலையில் ஒரு தொங்கு பாலம் வரும், அதில் பாதி தூரம் போனதும் திரை அப்படியே நின்றுவிடும், அப்புறம் அணைத்துத்தான் போட வேண்டும் என்று என் கணவர் சொல்லியிருந்தார். எத்தனையோ தடவை முயற்சி பண்ணியும் அவர்களால் தாண்ட முடிந்ததில்லை. "அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியாது" என்று அதையும் ஒரு சொத்து மாதிரிச் சொன்னார்.

அவர்களுக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது போதும்.

அந்த வாரம் முழுக்க மத்தியானத்தில் ஆடினேன். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல்கூட உட்கார்ந்தேன். வௌவால்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று பிடிபட ஆரம்பித்தது. பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பாதியில் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன், மறுபடியும் நின்றது. பறவைக்காரப் பெண்ணின் மூட்டையைத் திறந்து பார்த்தேன். இறகு, சங்கு, உடைந்த புல்லாங்குழல், யாரோ ஒரு பாட்டி கொடுத்த ரொட்டி என்று ஒரே குப்பை. அந்தக் கதையே தெரியாத எனக்கு எதன் மேலும் பாசம் இல்லை. எரிச்சலில் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு நடந்தேன்.

பாலத்தின் பாதியில் ஒரு கம்பளியை எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுத்து வந்தது. கம்பளி மூட்டைக்குள் போயிற்று. பையன் நடந்துகொண்டே இருந்தான். அந்தப் பக்கம் போய் நின்றான்.

அப்போதுதான் புரிந்தது. கம்பளி வைக்க மூட்டையில் இடம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஆட்டத்தைப் பண்ணினவர்கள் யோசிக்கவில்லை. அதனால்தான் திரை உறைந்து போகிறது. பை நெறஞ்சிருச்சு, ஆசையக் கொறை என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்த அக்காவுக்கும் தம்பிக்கும் அது தோன்றவில்லை. திரையில் வெறும் பனி. வெள்ளையாக, ஒரு ஆள் இல்லாமல். வாசலில் அவருடைய பைக் சத்தம் கேட்டது. சேமித்துவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தேன். அன்று அவருக்குக் காபி போட்டபோது பாட்டு முணுமுணுத்தேன். அவர் குடித்துவிட்டு வழக்கம்போல அதைச் சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதினி வத்தலக்குண்டிலிருந்து திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் பெங்களூர் கிளம்ப வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் பெட்டியை எடுத்துவிட்டார்கள். முன்னாலேயே ரொம்ப தூரம் ஆடி வைத்திருந்ததால் மத்தியானத்துக்குள் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். பாதியில் நின்றது.

"நின்னுருச்சு" என்று மதினி சிரித்தார். "எங்கயும் போகாதுலே இது. அப்படியேதான் இருக்கு."

நான் சிறுமலை வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். "மூட்டைல கொஞ்சம் கீழ போட்டுட்டுப் போங்க மதினி" என்றேன். குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். அதற்கு ஒத்திகையே பார்த்திருந்தேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

பெட்டியை வாங்கி மூன்றாவது இடத்தைத் திறந்து காட்டினேன். வெள்ளைப் பனியில் வாள் பையன் நின்றுகொண்டிருந்தான்.

"நீ தாண்டிட்டியா?" என்றார் மதினி. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிருந்தது. நான் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டேன். பத்து நாளாகக் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

"எங்கிட்டச் சொல்லவே இல்ல" என்றார் என் கணவர்.

"நீங்க கேக்கவே இல்ல."

மதினி, "அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு உடனே, "சொல்லாத, சொல்லாத" என்றார்.

"எனக்கும் தெரியாது மதினி. பனியைப் பாத்ததோட நிறுத்திட்டேன்."

அவர்கள் தங்கள் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். எதைக் கீழே போடுவது என்று ஒரு விவாதம் நடந்தது. சங்கை மதினி விடமாட்டேன் என்றார். கடைசியில் ரொட்டியும் புல்லாங்குழலும் போயின. கம்பளி வந்தது. பாலத்தைத் தாண்டினார்கள். நானும் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன். மூன்று தலையும் அந்தச் சின்னத் திரைமேல் குனிந்திருந்தன.

பனியைத் தாண்டி ஒரு ஊர் வந்தது. முதல் ஊரில் இருந்த அதே வீடுகள், அதே வரிசையில், கூரைக்கு மட்டும் நீலம் அடித்திருந்தார்கள். பாட்டு இல்லை. பாட்டுப் போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தெருவில் நின்ற ஆட்களிடம் பேசினால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி வீட்டுக்குள் போனதும் குடம் கிடைத்துவிட்டது என்று ஒரு வரி, ஆடியதற்கு நன்றி என்று ஒரு வரி. திரை கறுத்தது.

மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றார் என் கணவர்.

மதினி பெட்டியை அணைத்து, பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் இவர்கள் இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தில் என்னென்ன இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்களோ, அதெல்லாம் போய்விட்டது என்பது அந்த அமைதியில் தெரிந்தது.

அவர் மதினிக்கு வழிக்குத் தின்ன ஏதாவது வாங்கக் கடைக்குப் போனார். மதினி அடுக்களைக்கு வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணு கேக்கவா மதினி? அந்த உயிர் ஏறிருச்சுங்கறத யாரு சொன்னது? நீங்களா, அவரா?"

"அவன்தான். அப்ப அவனுக்கு இங்கிலீஷ் வராது. எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு அவனா ஒரு அர்த்தம் சொல்லுவான். நான் சிரிப்பேன். நான் சிரிக்கணும்னே சொல்லுவான்." கொஞ்சம் நிறுத்தினார். "கல்யாணம் ஆன புதுசுல நீ எனக்குப் போன்ல சொன்ன, ஞாபகம் இருக்கா? காபி குடிச்சுட்டு இப்படிச் சொன்னாருன்னு."

தங்கச்சியிடம் சொன்னதுதான் எனக்கு நினைவிருந்தது. மதினியிடமும் சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல" என்றார் மதினி. "அது எங்களோடதுல்ல, அத எப்படி இவகிட்டப் போய்ச் சொன்னான்னு. பைத்தியக்காரத்தனந்தான். அம்பது மைலுக்குள்ள இருந்திருந்தா வந்து சண்டை போட்டிருப்பேன்." சிரிக்க முயற்சி பண்ணினார். "அதான் இந்த எழவைத் தேடித்தேடி வாங்குனேன். ரெண்டு நாளாவது அவன் என் பக்கத்துல உக்காருவான்னு."

நான் துருவுவதை நிறுத்தினேன். "உக்காந்தாரு மதினி. எனக்குத்தான் இங்க சோறு இறங்கல" என்றேன்.

மதினி என்னைப் பார்த்தார். பிறகு துருவிய தேங்காயில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மேலே பேசியிருந்தால் இரண்டு பேரில் ஒருத்தி அழுதிருப்பாள்.

பெட்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். என் கணவர் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. கடிகாரம் அவர் கைக்குத் திரும்பியது. நான் சில மத்தியானங்களில் ஆடுகிறேன். முடிவு தெரிந்த பிறகும் வௌவாலைக் கொல்வது நன்றாகத்தான் இருக்கிறது.

பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியவில்லை. மதினி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் எனக்குத்தான் போன் பண்ணுகிறார். நாங்கள் நன்றாகப் பேசிக்கொள்கிறோம், முன்னைவிட நன்றாகவே. பிறகு நான் போனைக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து பேசுவார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு வரும், என்னோடு இருக்கும்போது வராத சிரிப்பு. முன்பெல்லாம் மிக்ஸியைப் போட்டுவிடுவேன். இப்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்பதில்லை. அவரும் எழுந்து போவதில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார்.